தடய அறிவியல் படிக்கலாமா? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தடய அறிவியல் பாடம் எடுப்பவன். பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து அட்மிஷன் முடியும்வரை மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. கட்டணம், கடைசித் தேதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றை அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது போலீஸ் வேலையா, லேப் வேலையா?

லேப் வேலை. குற்றம் நடந்த இடத்திலிருந்து வரும் பொருளை ஆராய்ந்து, அது இன்னது என்று கோர்ட்டுக்கு எழுதித் தருவதுதான் இதன் மையம். சட்டையில் இருப்பது ரத்தமா, மனித ரத்தமா, யாருடையது என்றுவரை சொல்லலாம். அந்தச் சட்டைக்காரர்தான் குத்தினாரா என்பதை விசாரணை அதிகாரியும் நீதிபதியும் பார்த்துக்கொள்வார்கள். டிவி தொடர்களில் ஒரே ஆள் துரத்திப் பிடிப்பார், லேபில் மைக்ராஸ்கோப் பார்ப்பார், குற்றவாளியை உட்காரவைத்து விசாரிக்கவும் செய்வார். நிஜத்தில் இவை வெவ்வேறு ஆட்களின் வேலை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். லேபில் இருப்பவருக்கு யார் மாட்டினாலும் ஒன்றுதான் என்றிருந்தால்தான் அவருடைய அறிக்கைக்கு மதிப்பு.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. நஞ்சு கலந்த வழக்குகளைச் சோதிப்பதற்காக இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வழிவந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, ஒரு பெண் தன் உடலில் கட்டியிருந்த குண்டுதான் வெடித்தது என்று காட்டியவர் அப்போது இந்தத் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் அவருடைய பெயரையாவது தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்க வேண்டும்? நீட் எழுத வேண்டுமா?

அறிவியல் குரூப். இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியலோ கணிதமோ இருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. நீட் தேவையில்லை. காமர்ஸ் குரூப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டப்படிப்பில் இடம் கிடைப்பது அரிது. ஆனால் கணினி சார்ந்த பட்டம் படித்துவிட்டு டிஜிட்டல் தடயவியலுக்குப் போகும் வழி அவர்களுக்கும் இருக்கிறது.

தடயவியல் மருத்துவமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பிரேதப் பரிசோதனை செய்பவர் டாக்டர். அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து, தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். அவர் எடுத்து அனுப்பும் உள்ளுறுப்புகளில் விஷம் இருக்கிறதா என்று சோதிப்பவர்தான் தடய அறிவியல் படித்தவர். பல் அடையாளம் பார்க்கும் துறைக்கு பி.டி.எஸ். வேண்டும். பி.எஸ்சி. தடய அறிவியல் முடித்துவிட்டு பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நேராக பி.எஸ்சி. தடய அறிவியல் சேர்வதா, கெமிஸ்ட்ரி மாதிரி ஒன்றைப் படித்துவிட்டு எம்.எஸ்சி.யில் இதற்கு வருவதா?

இந்தப் பக்கத்தில் மிகவும் யோசித்து எழுதிய பதில் இதுதான். ஏனென்றால் தவறான முடிவு எடுத்தால் பிள்ளைக்கு மூன்று வருடம் போய்விடும்.

அரசு லேப் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் 'தடய அறிவியல்' என்று ஒரு அறை இருக்காது. நஞ்சியல், மதுவிலக்கு, போதைப்பொருள், வெடிபொருள், தீ விபத்து, உயிரியல், டி.என்.ஏ., துப்பாக்கி, ஆவணம், கணினி என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். முதலில் சொன்ன ஐந்திலும் ஓடுவது வேதியியல்தான். துப்பாக்கிப் பிரிவில் இயற்பியல், டி.என்.ஏ. பிரிவில் மூலக்கூறு உயிரியல். ஆள் எடுக்கும்போதும் இதே கண்ணோட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. தடய அறிவியல் துறைக்கு இளநிலை அறிவியல் அலுவலர்களை எடுத்தபோது பணியிடங்களை வேதியியல், இயற்பியல், உயிரியல் என்றுதான் பிரித்திருந்தது.

அதனால் என் கருத்து இது. அருகில் ஒரு நல்ல அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரியோ விலங்கியலோ இயற்பியலோ கிடைத்தால் அதில் சேருங்கள், எம்.எஸ்சி.யில் தடய அறிவியலுக்கு வாருங்கள். அடிப்படை அறிவியல் கைவசம் இருக்கும். இந்தத் துறையில் வேலை கிடைக்கத் தாமதமானாலும் மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு லேப், உணவுப் பரிசோதனைக்கூடம், பி.எட்., ஆசிரியர் பணி என்று நான்கு கதவு திறந்திருக்கும். தடய அறிவியலை மட்டும் மேலோட்டமாக மூன்று வருடம் படித்த மாணவர் நேர்முகத் தேர்வில் பஃபர் கரைசல் எப்படித் தயாரிப்பது என்று கேட்டால் திணறுகிறார். அது அவருடைய குற்றமல்ல. பாடத்திட்டம் பன்னிரண்டு துறையைத் தொட்டுவிட்டு எதிலும் நிற்காமல் ஓடியிருக்கும்.

சரி, பி.எஸ்சி. தடய அறிவியல் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். செய்முறைக்குப் பாதி நேரம் ஒதுக்குகிற, உண்மையான லேப் உள்ள கல்லூரி கிடைத்தால் முதல் வருடத்திலிருந்தே தடயத்தைக் கையாளும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் கற்றுக்கொள்வது கடினம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். இரண்டாம் வருடத்துக்குள் வேதியியலா, உயிரியலா, டிஜிட்டலா என்று ஒன்றை முடிவுசெய்து, அதன் அடிப்படைப் பாடங்களைக் கூடுதலாகப் படியுங்கள். எம்.எஸ்சி.யை அதே பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

எங்கே படிக்கலாம்?

இந்தத் துறைக்கென்றே மத்திய அரசு நடத்துவது தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம். குஜராத் அரசு காந்திநகரில் 2009-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் 2020-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசியப் பல்கலைக்கழகமானது. டெல்லி, கோவா, திரிபுரா என்று வேறு வளாகங்களும் உண்டு. பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி.-எம்.எஸ்சி. படிப்பும், தனியாக எம்.எஸ்சி. படிப்புகளும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாகர் பல்கலைக்கழகம் 1959-லிருந்தே குற்றவியலும் தடய அறிவியலும் நடத்துகிறது. பஞ்சாபில் பாட்டியாலா, மகாராஷ்டிராவில் மும்பை, நாக்பூர் ஆகிய இடங்களிலும் பழகிய துறைகள் உள்ளன.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறை பழமையானது. அங்கே இணையத் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்சி. நடக்கிறது. பி.எஸ்சி. தடய அறிவியல் இங்கே பெரும்பாலும் தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும்தான். பெயர் சொல்லி ஒன்றை நல்லது, ஒன்றைக் கெட்டது என்று எழுதப் போவதில்லை. அடுத்த பதிலைப் படித்துவிட்டு நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்.

கல்லூரிக்கு நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

வரவேற்பறையில் வைத்திருக்கும் எலும்புக்கூட்டையும் மஞ்சள் ரிப்பன் கட்டிய 'குற்றக் காட்சி'யையும் பார்த்து மயங்க வேண்டாம். லேபைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் வகுப்பு நடக்கும் நேரத்தில்.

மைக்ராஸ்கோப் எத்தனை மாணவருக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ஒப்பீட்டு மைக்ராஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு தோட்டாக்களையோ இரண்டு முடிகளையோ ஒரே பார்வையில் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் கருவி அது. அது இல்லாமல் துப்பாக்கிப் பாடத்தைப் படம் பார்த்துத்தான் படிக்க முடியும். புகைபோக்கி வைத்த கெமிக்கல் மேடை ஓடுகிறதா, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டுகள் வாங்குகிறார்களா, அல்லது அலமாரியில் பத்து வருடம் பழைய பாட்டில்கள்தான் நிற்கின்றனவா என்று பாருங்கள். கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையை ஆவியாக்கி அதிலுள்ள பொருட்களைப் பிரிக்கும் கருவி) மாதிரி விலை உயர்ந்த கருவி இருந்தால் அதன் பக்கத்தில் தொங்கும் பதிவேட்டைப் புரட்டுங்கள். கடைசியாக யார், எந்தத் தேதியில் ஓட்டினார்கள் என்று அதில் இருக்கும். ஆறு மாதமாகப் பதிவே இல்லை என்றால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான்.

அதைவிட முக்கியமாக, மூன்றாம் வருட மாணவர்கள் இரண்டு மூன்று பேருடைய ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே காலணித் தடம், ஒரே அளவு, ஒரே முடிவு இருந்தால் அது கரும்பலகையிலிருந்து எழுதியது. ஒருவருடைய தடம் 27.4 சென்டிமீட்டர், இன்னொருவருடையது 25.9, ஒரு பக்கத்தில் 'அச்சு சரியாக விழவில்லை, மறுபடி எடுத்தேன்' என்று எழுதி அதற்குக் கீழே ஆசிரியர் கையெழுத்து, இப்படி இருந்தால் அங்கே பிள்ளைகள் நிஜமாகவே வேலை செய்கிறார்கள்.

ஆசிரியர்களில் அரசு லேபில் வேலை பார்த்து, கோர்ட்டில் கூண்டேறியவர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாதிப் பாடம் அவரிடம்தான் இருக்கும்.

செய்முறை வகுப்பில் அப்படி என்னதான் செய்வார்கள்?

முதலில் பொட்டலம் கட்டுவார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். வழக்குகள் அடிவாங்குவது இங்கேதான்.

ரத்தம் பட்ட ஈரச் சட்டை ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். அதை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து இரண்டே நாளில் டி.என்.ஏ.வைச் சிதைக்கத் தொடங்கிவிடும். நிழலில் உலர்த்தி, கறை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒட்டாதபடி நடுவில் வெள்ளைத்தாள் வைத்து மடித்து, காகித உறையில் போட வேண்டும். ஆனால் பெட்ரோல் ஊற்றி எரித்ததாகச் சந்தேகிக்கும் வீட்டிலிருந்து எடுத்த கரித்துணியைக் காகித உறையில் போட்டால் லேபுக்கு வந்து சேர்வதற்குள் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். அதற்குக் காற்றுப் புகாத டப்பாவோ கண்ணாடி ஜாடியோ வேண்டும். ஒரு தடயத்துக்குச் சரியானது இன்னொன்றைக் கெடுக்கும். ஏன் என்று காரணம் புரிந்து செய்கிற மாணவர்தான் பாடத்தில் இல்லாத பொருள் வந்தாலும் சமாளிப்பார்.

அப்புறம் லேபிள், அரக்கு முத்திரை, மாதிரி முத்திரை. லேபுக்கு வரும் பார்சலைத் திறப்பதற்கு முன் முத்திரை உடையாமல் இருக்கிறதா, கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரையோடு பொருந்துகிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். சம்பவ இடத்தில் எடுத்தவர், ஸ்டேஷனில் வைத்திருந்தவர், கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர், லேபில் வாங்கியவர் என்று அந்தப் பொருள் யார் யார் கையில் எப்போது இருந்தது என்ற கணக்கில் ஒரு நாள் விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தைத்தான் பிடிப்பார்.

ரத்தக்கறைச் சோதனையை மாணவர்கள் எல்லாரும் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். வடிதாளின் முனையால் கறையை மெல்லத் தேய்த்து, அதில் ஃபீனால்ப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். சற்றுப் பொறுக்க வேண்டும். நிறம் மாறவில்லை என்று உறுதியான பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் தாள் ரோஜா நிறத்தில் சிவக்கும். பெராக்சைடு விடுவதற்கு முன்பே சிவந்துவிட்டால் அது ரத்தத்தின் வேலை அல்ல, வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி அங்கே இருக்கிறது. பெராக்சைடு விட்ட பிறகு சிவந்தாலும் 'ரத்தம்' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் சில காய்கறிகளின் சாறும் இதே நிறத்தைத் தரும். 'ரத்தமாக இருக்கலாம்' என்று எழுதி, ஸ்லைடில் வைத்து, டகாயாமா கரைசல் விட்டுச் சூடாக்கி, மைக்ராஸ்கோப்பில் இளஞ்சிவப்புப் படிகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால் ரத்தம். மனித ரத்தமா என்பதற்கு இன்னொரு சோதனை. யாருடையது என்பதற்கு டி.என்.ஏ. இந்த நான்கு படியையும் தாண்டாமல் அறிக்கையில் ஒரு சொல் கூட்டி எழுதக் கூடாது என்பதைக் கை வழியாகக் கற்பதற்குத்தான் செய்முறை வகுப்பு.

விரல் ரேகைப் பாடமும் அப்படித்தான். கண்ணாடியில் பட்ட ரேகைக்குப் பொடி தூவலாம். தாளில் பட்டதற்கு நின்ஹைட்ரின், அது வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். ஆனால் அந்தத் தாள் ஒரு மிரட்டல் கடிதமாக இருந்தால், கையெழுத்து நிபுணர் பார்த்து, போட்டோ எடுத்த பிறகுதான் கரைசலில் நனைக்க வேண்டும். முன்பே நனைத்தால் மை கலைந்துவிடும். எந்தச் சோதனை முதலில் என்பதுதான் இங்கே மாணவர் கற்க வேண்டியது.

ரத்தம், பிணம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்குமா? பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

வகுப்பில் பெண்கள்தான் அதிகம். நன்றாகவும் செய்கிறார்கள். லேப் பகல் நேர வேலை. சம்பவ இடத்துக்குப் போகும் பணியில் இருந்தால் மட்டும் நேரம் காலம் பார்க்க முடியாது.

பிணத்தைப் பார்க்க வேண்டிய நாட்கள் குறைவு. உள்ளுறுப்பு ஜாடிகளின் வாடை ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது, அதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போக்சோ வழக்குகளில் குழந்தைகளின் துணிகள் வரும். உறையைப் பிரித்து மேஜையில் விரித்து அளவெடுக்கும்போது எவ்வளவு அனுபவம் உள்ளவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பேசுவதற்கு ஆள் வேண்டும், ஓய்வு வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் வேண்டும். இதைப் பற்றி வகுப்பிலேயே வெளிப்படையாகப் பேசும் கல்லூரியை நான் மதிக்கிறேன்.

அரசு வேலை எப்படிக் கிடைக்கும்?

தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக எடுக்கிறார்கள். சென்னையில் தலைமை லேப், மதுரை, கோவை, திருநெல்வேலி, சேலம் போன்ற ஊர்களில் வட்டார லேப்கள். விரல் ரேகைப் பிரிவு காவல்துறையின் கீழ் வருகிறது. அதற்கான சப்-இன்ஸ்பெக்டர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் அறிவியல் பட்டதாரிகளிலிருந்து எடுக்கிறது. பலருக்கு இந்த வழி தெரிவதே இல்லை.

மத்திய அரசின் தடய அறிவியல் லேப்கள் ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர், போபால், புனே, குவாஹாட்டி ஆகிய ஊர்களில் உள்ளன. டெல்லியில் உள்ளது சி.பி.ஐ.யின் கீழ் இயங்குகிறது. இவற்றின் உயர் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி., கீழ்நிலை அறிவியல் பணிகளுக்கு எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) அறிவிக்கைகளைக் கவனித்துவர வேண்டும். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த அறிவிக்கைகள் ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போதும் இடங்கள் குறைவு. வயது வரம்பு, அடிப்படைப் பட்டம் இரண்டையும் பழைய அறிவிக்கைகளில் இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டு, 'உங்கள் பட்டம் தகுதிப் பட்டியலில் இல்லை' என்று தெரிந்துகொள்வது எவ்வளவு வேதனை என்று பார்த்திருக்கிறேன்.

புதிய சட்டங்கள் வந்ததால் வேலை பெருகும் என்கிறார்களே?

அடிப்படை இருக்கிற பேச்சுதான். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவாகவும் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை என்று இந்த வரம்புக்குள் வரும் வழக்குகளை நினைத்துப் பார்த்தால் எத்தனை ஆட்கள் தேவை என்று புரியும்.

ஆனால் தேவை இருப்பதும் பணியிடம் உருவாவதும் ஒன்றல்ல. அரசு நிதி ஒதுக்கி, பணியிடத்தை உருவாக்கி, அறிவிக்கை வெளியிட வேண்டும். 'சட்டமே வந்துவிட்டது, வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் கல்லூரியிடம், உங்கள் மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

தனியார் துறையில் என்ன இருக்கிறது?

இன்றைக்கு அதிகம் ஆள் தேடுவது டிஜிட்டல் தடயவியல். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய தணிக்கை நிறுவனங்கள், ஐ.டி. நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இதிலும் அடிப்படைப் பாடம் மேலே சொன்ன பொட்டலம் கட்டும் பாடமேதான். ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்தால் அதை நேராகத் திறந்து பார்க்கக் கூடாது. எதையும் எழுத விடாத கருவி வழியாக இணைத்து, முழுப் பிரதி எடுத்து, அசலுக்கும் பிரதிக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளே இருக்கும் தரவிலிருந்து கணக்கிடும் ஒரு அடையாளக் குறியீடு) ஒன்றாக வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பை எழுத இடம் வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்து ஆய்வில் தனியாகத் தொழில் செய்பவர்கள் உண்டு, சொத்து வழக்குகளில் அவர்களுக்கு வேலை இருக்கும். உணவு, மருந்து, சுற்றுச்சூழல் பரிசோதனைக்கூடங்களும் இந்த மாணவர்களை எடுக்கின்றன. வேதியியல் பலமாக இருந்தால் மட்டும்.

உண்மை கண்டறியும் சோதனை (பாலிகிராஃப்), மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ எல்லாம் சொல்லித்தருவார்களா?

தடயவியல் உளவியலில் பாடமாக வரும். ஆனால் இவற்றில் ஆசை வைத்து இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை எதையும் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படிப்பது இந்தச் சோதனைகளைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்குமா? தமிழ் வழியில் படித்தவர்களால் சமாளிக்க முடியுமா?

போக வேண்டும். அரசு லேப் நிபுணரின் அறிக்கையை அவரை அழைக்காமலேயே சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் நீதிமன்றம் நினைத்தால் சம்மன் அனுப்பலாம். தனியார் நிபுணர் நேரில் வந்து தன் கருத்தை நிரூபித்தே ஆக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் எழுதிய அறிக்கையைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அப்போது நினைவை நம்ப முடியாது, அன்று நீங்கள் எழுதிவைத்த குறிப்புதான் கைகொடுக்கும். அதனால்தான் ரெக்கார்ட் நோட்டைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

பாடமும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் சிரமமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். அவர்களுக்குக் கூண்டில் ஒரு பலமும் உண்டு. நம் மாவட்டக் கோர்ட்டுகளில் சாட்சியம் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. "மெத்தனால் என்றால் என்ன, சாதாரணச் சாராயத்திலிருந்து அதை எப்படிப் பிரித்துச் சொன்னீர்கள்" என்று வக்கீல் கேட்டால், கேஸ் குரோமட்டோகிராஃபில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருவதை நல்ல தமிழில் விளக்கத் தெரிய வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்துபோனார்கள். அப்படி ஒரு வழக்கில் இறந்தவரின் குடும்பம் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அவர்களுக்கும் புரிகிற மாதிரி பேசுவது கடமை.

ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்புகள் பயன்படுமா?

ஆர்வம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கப் பயன்படும். டிஜிட்டல் தடயவியலில் மென்பொருள் கற்கவும் பயன்படும். மற்றபடி, வடிதாளைக் கையில் பிடிக்காமல் வாங்கிய சான்றிதழுக்கு லேபில் மதிப்பில்லை. 'மூன்று மாதத்தில் தடயவியல் நிபுணர்' என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

அரசு லேப்களில் இடம் குறைவு. கல்லூரி வழியாக முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நடப்பு வழக்குப் பொருட்களைத் தொட விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. கிடைக்காவிட்டால் உணவுப் பரிசோதனைக்கூடத்திலோ மருந்து நிறுவன லேபிலோ ஒரு மாதம் இருங்கள். தராசைச் சரிபார்ப்பது, பதிவேடு எழுதுவது, ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அங்கேயும் ஒன்றுதான்.

சேர்வதற்கு முன் இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்?

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கரிம வேதியியலையும் பகுப்பாய்வையும் மறுபடி படியுங்கள். பக்கத்து ஊர் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு நாள் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். மூடிய அறையில் நடக்கும் சில வழக்குகள் தவிர மற்றவை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, அமைதியாக இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

அப்புறம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொலை வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்து, தடய அறிவியல் அறிக்கையைப் பற்றி நீதிபதி எழுதியிருக்கும் பத்திகளை மட்டும் படியுங்கள். அறிக்கையை ஏற்றாரா, தள்ளினாரா, தள்ளினார் என்றால் சோதனை தவறா, அல்லது பொருளை லேபுக்கு அனுப்பத் தாமதமானதா, முத்திரைக் குளறுபடியா என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அட்மிஷனுக்கு வரும்போது அந்தத் தாளையும் எடுத்துவந்து ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.